ஆன்-கால் தீயணைப்பு வேலை: சேரலாமா, முழுநேரத்துக்கே முயலலாமா?

இங்கிலாந்தில் லண்டனைத் தாண்டிச் சிறு நகரங்களுக்குப் போனால், தீயணைப்பு நிலையத்து வேலியில் ஒரு பதாகை கட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம்: ஆன்-கால் வீரர்கள் தேவை. மழையில் வெளிறும்வரை அது அங்கேயே தொங்கும், ஏனென்றால் தேவை தீர்வதில்லை. நம்மவர்கள் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு என்றால் சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி வாங்கும் முழுநேர அரசு வேலை. யாழ்ப்பாணத்தில் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு. கடை நடத்துகிறவரும் கணினி வேலை பார்க்கிறவரும் பேஜர் அடித்ததும் எழுந்து ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டியில் ஏறுவது நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு. இங்கே அது சாதாரணம். இங்கிலாந்தின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இப்படி அழைத்தால் வரும் ஆன்-கால் வீரர்தான். வேல்ஸ், ஸ்காட்லாந்தின் கிராமப்புறங்களில் இவர்களை நம்பித்தான் பெரும்பாலான நிலையங்கள் இயங்குகின்றன.

இதில் இறங்கலாமா என்று யோசிக்கிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஆன்-கால் வீரராகச் சேரலாம். முழுநேர வேலைக்கே விண்ணப்பிக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் ஆம்புலன்ஸ் சேவையின் முதலுதவித் தொண்டராகலாம். விண்ணப்பப் படிவங்கள் உடற்தகுதியைப் பெரிதாகப் பேசும். என் கணக்கில் அது இரண்டாவது. உங்கள் வீடு எங்கே, வயிற்றுப்பாட்டு வேலை எங்கே என்ற இரண்டும்தான் முக்கால்வாசி முடிவை எடுத்துவிடுகின்றன.

முதலில் முகவரி

ஆன்-கால் வீரர் பேஜர் அடித்ததிலிருந்து சுமார் ஐந்து நிமிடத்தில் நிலையத்தில் நிற்க வேண்டும். சில இடங்களில் நான்கு நிமிடம் கேட்பார்கள், சில இடங்களில் எட்டுவரை விடுவார்கள். வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ, எதிலிருந்து வந்தாலும் சரி. சொந்தக் காரில் நீல விளக்கு கிடையாது, சிவப்பு சிக்னலில் நின்றுதான் போக வேண்டும், வேக வரம்பையும் மீறக்கூடாது. ஆகவே வரைபடத்தில் அளக்கும் தூரத்தை நம்பாமல், காலை எட்டரை மணிப் பள்ளி நெரிசலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

லண்டன் மாநகர எல்லைக்குள் இருப்பவருக்கு இந்த வழியே இல்லை. லண்டன் தீயணைப்புப் படை முழுக்க முழுநேர வீரர்களால் ஆனது. ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ டூட்டிங்கிலோ ஆன்-கால் நிலையம் தேடிப் பயனில்லை. (பாரிஸ் லா ஷப்பல் பக்கத்துத் தமிழர்களுக்கும் இதே கதைதான். பிரான்சின் தீயணைப்பு வீரர்களில் ஐந்தில் நால்வர் தொண்டர்கள் என்றாலும், பாரிசையும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களையும் பார்த்துக்கொள்வது ராணுவப் படை.) லண்டன் எல்லையைத் தாண்டி கென்ட், சர்ரே, எசெக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் போய்விட்டால் நிலைமை மாறும். அங்கெல்லாம் முழுநேர நிலையமும் ஆன்-கால் நிலையமும் கலந்து இருக்கின்றன. வீட்டு விலை தாங்காமல் அந்தப் பக்கம் நகர்ந்த நம் குடும்பங்கள் நிறைய.

"இருக்கிறேன்" என்று சொல்வதன் விலை

ஆன்-கால் வீரர் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கிடைப்பேன் என்று ஒப்பந்தம் செய்கிறார். இந்த நேரத்தைக் கவர் என்பார்கள். முழு கவர் என்றால் பொதுவாக வாரத்தின் 168 மணியில் 120 மணி. அதற்குக் குறைவான ஒப்பந்தங்களும் உண்டு. எந்த நேரம் இருப்பேன், எந்த நேரம் இருக்கமாட்டேன் என்பதைக் கைபேசிச் செயலியில் குறித்துவிட வேண்டும்.

வண்டி புறப்படப் பொதுவாக நால்வராவது வேண்டும். அதில் ஒருவர் பொறுப்பதிகாரி, ஒருவர் வண்டி ஓட்டப் பயிற்சி பெற்றவர், சுவாசக் கருவி அணியத் தெரிந்தவர்களும் இருக்க வேண்டும். மூவர்தான் வந்தார்கள் என்றால் வண்டி கொட்டகையிலேயே நிற்கும், அடுத்த ஊர் வண்டிதான் வர வேண்டும். இதனால் ஒருவர் செயலியில் போடும் பச்சைக் குறி மற்ற மூவரின் நேரத்தையும் கட்டிப்போடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சொட்டு மது கூடாது. அடுத்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் பெயரை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகள் வீட்டில் தனியாக இருந்தால் "இருக்கிறேன்" என்று போட முடியாது. இரவு இரண்டு மணிக்கு பேஜர் அடித்தால் மனைவியும் கணவரும் சேர்ந்துதான் விழிப்பார்கள், சம்பளம் ஒருவருக்குத்தான்.

சனிக்கிழமைக் கல்யாணங்களும் கோயில் திருவிழாவும் என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. அது பெரிய இடைஞ்சலாக இருக்காது. இரவிலும் வார இறுதியிலும் ஊரில் ஆள் இருப்பார்கள். பல நிலையங்கள் திண்டாடுவது வார நாள் பகலில். எல்லோரும் வேறு நகரத்துக்கு வேலைக்கு ரயிலேறிப் போய்விடுகிறார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை பகலில் ஊருக்குள் இருக்கிற ஆள்தான் இவர்களுக்குத் தங்கம்.

அப்படிப்பட்ட ஆள் யார் என்று பார்த்தால், ஆங்கிலேயச் சிற்றூர்களில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர் நினைவுக்கு வருகிறார். கீழே கடை, மேலே வீடு, மூன்று தெரு தள்ளி நிலையம். காகிதத்தில் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் கல்லாவில் தனியாக நிற்கும்போது பேஜர் அடித்தால் என்ன செய்வார்? வாடிக்கையாளரை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு ஓட முடியுமா? தபால் நிலையக் கவுன்டரும் கடைக்குள் இருந்தால் பண இருப்பைப் பூட்டவே ஐந்து நிமிடம் போய்விடும். கடையில் இன்னொருவர் நிற்கும் நேரத்தை மட்டும் கவராகக் கொடுக்க முடிந்தால் இந்த ஏற்பாடு நன்றாக ஓடும். முடியாவிட்டால் முதல் மாதத்திலேயே சண்டை வரும். வீட்டிலிருந்து கணினி வேலை பார்க்கிறவருக்கு இது எளிது. பாதிக் கூட்டத்தில் எழுந்து போவதை மேலாளர் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒத்துக்கொள்ளலை எழுத்தில் வாங்குங்கள். ஆன்-கால் வீரரை வேலை நேரத்தில் விடுவிக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் பிரிட்டனில் இல்லை. எல்லாம் அவருடைய நல்லெண்ணம்தான். தீயணைப்புச் சேவையே முதலாளியிடம் வந்து பேசும், கடிதம் கேட்கும்.

வீட்டில் காத்திருப்பது வேலையா ஓய்வா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிருக்கிறது. இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் முடிவுக்கும் உதவும். பெல்ஜியத்தின் நிவெல் நகரத்துத் தொண்டர் வீரர் மட்ஸாக், வீட்டிலேயே இருந்து எட்டு நிமிடத்தில் நிலையத்துக்கு வர வேண்டும் என்ற விதிக்குள் இருந்தார். அவ்வளவு இறுக்கிக் கட்டிவைத்தால் அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே என்று 2018-இல் நீதிமன்றம் சொன்னது. 2021-இல் டப்ளின் வழக்கு வந்தது. அந்த வீரர் டாக்சி ஓட்டுகிறவர். அழைப்பு வந்தால் அதிகபட்சம் பத்து நிமிடத்தில் வர வேண்டும். ஆனால் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டியதில்லை, எல்லா அழைப்புக்கும் வர வேண்டியதுமில்லை, நடுவில் டாக்சி ஓட்டவும் தடையில்லை. ஆகவே அவருடைய காத்திருப்பு வேலை நேரம் ஆகாது என்றார்கள். உங்கள் ஊர் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இதையே கேட்டுப் பாருங்கள்: கட்டு எவ்வளவு இறுக்கம், எத்தனை அழைப்பைத் தவறவிட்டால் பேச்சு வரும், நடுவில் உங்கள் பிழைப்பைப் பார்க்க முடியுமா.

முழுநேரத்தில் இந்தத் தலைவலி இல்லை

முழுநேர வீரருக்கு வாரம் 42 மணி நேரம். வழக்கமான சுற்று இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு. லண்டனில் பகல் ஷிப்ட் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு, இரவு ஷிப்ட் எட்டு முதல் மறுநாள் ஒன்பதரை. ஷிப்ட் முடிந்தால் பேஜர் கிடையாது. நிலையத்தின் அருகில் குடியிருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து போகிறவர்களும் உண்டு. அந்த நான்கு நாளில் இன்னொரு தொழில் பார்ப்பவர்கள் பலர், அதிலேயே தங்கள் ஊரில் ஆன்-கால் வீரராகவும் இருப்பவர்கள் சிலர்.

சிக்கல் நுழைவில்தான். முழுநேர ஆள்சேர்ப்பு எப்போதாவது சில வாரங்கள் திறக்கும். சில பத்து இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும். ஆன்-கால் ஆள்சேர்ப்பு பெரும்பாலும் ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கிறது. ஆன்-காலில் தேர்ச்சி பெற்றவர் முழுநேரத்துக்கு மாறத் தனி வழி வைத்திருக்கும் சேவைகளும் உண்டு. இருபதுகளின் தொடக்கத்தில், இதையே தொழிலாக்க நினைக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது: இரண்டுக்கும் போடு, ஆன்-கால் முதலில் கிடைக்கும்.

உடம்பு, தாடி, விசா

இரண்டுக்கும் தகுதிச் சோதனை ஏறத்தாழ ஒன்றுதான். தீ பகுதிநேர வீரரைப் பார்த்துச் சூட்டைக் குறைத்துக்கொள்ளாதே. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல்வயது வரம்பு என்று ஒன்று வைப்பதில்லை, நாற்பதுகளில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சுத் திறனுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்தில் 42.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்ற அளவு கேட்பார்கள். நடைமுறையில் பீப் சத்தத்துக்கு இடையே 20 மீட்டர் ஓடும் சோதனையில் எட்டாம் நிலையின் பிற்பகுதிவரை போவது. வாரம் மூன்று நாள் ஓடினால் பெரும்பாலானவர்களுக்கு எட்டக்கூடியதுதான். 55 கிலோ பொம்மையை 30 மீட்டர் பின்னோக்கி இழுப்பது, ஏணியில் ஏறி உயரத்தில் கைகளை எடுத்துவிட்டு நிற்பது, கண்மறைத்த முகமூடியோடு குறுகிய குழாய்ப் பாதையில் ஊர்ந்து போவது ஆகியவையும் உண்டு. பலசாலிகள்கூட அந்தக் கடைசிச் சோதனையில் வியர்த்துப்போவார்கள். மூடிய இடம் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்பது அங்கேதான் தெரியும்.

கண்பார்வை, நிறம் பிரித்தறிதல், செவித்திறன், ஆஸ்துமா எல்லாம் மருத்துவர் பார்ப்பார். நம்மிடையே பரவலான நீரிழிவு இருந்தாலே கதவு மூடிவிடும் என்றில்லை. ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்வார்கள். குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம்.

தாடி கூடாது. சுவாசக் கருவியின் முகமூடி தோலோடு ஒட்டி அடைத்தால்தான் புகை உள்ளே வராது. ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் சவரம் செய்யாமல் இருக்கிறவர்கள் இதை விண்ணப்பிக்கும் முன்பே நிலையத்தில் பேசிவிடுவது நல்லது. அந்த நாள்களுக்கு விடுப்பு எடுக்கலாம், அல்லது சுவாசக் கருவி அணியாத பணியில் வைப்பார்களா என்று கேட்கலாம்.

பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை, வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். ஆனால் திறன்பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவருக்கு இரண்டாவது வேலை மீது கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை, விசா நிபந்தனையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயிற்சியில் வித்தியாசம் உண்டு. முழுநேரத்தில் சேர்கிறவர் தொடர்ந்து மூன்று மாத அளவுக்குப் பயிற்சிப் பள்ளியில் இருப்பார். ஆன்-காலில் தொடக்கப் பயிற்சிக்கு ஓரிரு வாரம், சுவாசக் கருவிக்கு ஓரிரு வாரம் என்று துண்டு துண்டாக வரும். அதற்குப் பிரதான வேலையிலிருந்து ஆண்டு விடுமுறையைத் தின்ன வேண்டியிருக்கும். முதல் வருடம் ஊருக்குப் போகும் திட்டத்தை மறந்துவிடுங்கள். அப்புறம் வாரம் ஒரு மாலை, நிலையத்தில் இரண்டு மூன்று மணி நேரப் பயிற்சி, அதாவது ட்ரில். முழுத் தேர்ச்சி என்று கையெழுத்து வாங்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

காசுக் கணக்கு

2024 ஜூலைச் சம்பள ஒப்பந்தப்படி தேர்ச்சி பெற்ற முழுநேர வீரருக்கு ஆண்டுக்கு 37,675 பவுண்ட், பயிற்சியாளருக்கு 28,265. அதன்பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. லண்டனில் தனிப்படி சேரும்.

ஆன்-கால் வீரருக்கு வருமானம் பல துண்டுகளாக வரும். கிடைப்பதற்காக ஒரு நிலைத்தொகை. அழைப்புக்கும் ட்ரில்லுக்கும் மணிக்கூலி, அது முழுநேர வீரரின் அதே மணிக்கூலிதான், மேற்சொன்ன கணக்கில் 17 பவுண்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு அழைப்புக்கும் இடைஞ்சல் படியாகச் சில பவுண்ட். நிலைத்தொகை நெடுங்காலமாக முழு கவர் கொடுப்பவருக்கு முழுநேரச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தது. 2025 தொடக்கத்திலிருந்து அதைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டிய பிறகும் வாரம் 120 மணியால் வகுத்துப் பாருங்கள்: காத்திருக்கும் ஒரு மணிக்கு ஒரு பவுண்ட்கூட வராது. அமைதியான நிலையத்தில் வாரத்துக்கு ஓரிரு அழைப்புதான் என்பதால் மணிக்கூலியும் பெரிதாகச் சேராது. தவிர, வரிவிலக்கு வரம்பைப் பிரதான வேலையே விழுங்கியிருக்கும். இங்கே பெரும்பாலும் முதல் பவுண்டிலிருந்தே வரி பிடிப்பார்கள். வீட்டுக் கடனைக் கட்ட இதை நம்பி இறங்குவது தப்பு. ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு கொழும்புக்கோ சென்னைக்கோ போய்வரும் டிக்கெட் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷனில் ஆன்-கால் வீரருக்கு முன்பு பெரிய அநியாயம் நடந்தது. பகுதிநேரம் என்று சொல்லி முழுநேர வீரர்களின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். கென்ட் தீயணைப்பு ஆணையத்துக்கு எதிராக மாத்யூஸ் என்பவர் முன்னின்று நடத்திய வழக்கு அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைவரை போய், 2006-இல் இவர்களும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கிறார்களா என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அதன் பலனாகப் பழைய சேவைக்காலத்துக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. இன்று சேர்கிறவர் அதே திட்டத்தில் அதே விதிப்படி சேர்கிறார். தன் வருமானத்துக்கு ஏற்ற பங்கு கிடைக்கும். இதை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எதற்குக் கூப்பிடுவார்கள்

தீக்கு மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கிலாந்தில் தீயணைப்புச் சேவைக்கு வரும் அழைப்புகளில் உண்மையான தீ மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஐந்தில் இரண்டு அளவுக்குப் பொய் எச்சரிக்கை. அலுவலகத்தில் டோஸ்ட் கருகி மணி அடித்தாலும் போக வேண்டும். மீதி சாலை விபத்து, வெள்ளம், உள்ளே விழுந்து கிடப்பவருக்காகக் கதவை உடைப்பது, சாக்கடையில் விழுந்த மாடு. சாலை விபத்தில் உலோகத்தை வெட்டி எடுக்கும்போது உள்ளே இருப்பது உங்கள் கடைக்கு நேற்று வந்த ஆளாக இருக்கலாம். பெரிய நகரத்து முழுநேர வீரருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அவருக்கு அழைப்புகள் அதிகம், ஆனால் முகங்கள் அந்நியம். தவிர, அவர் திரும்பி வந்து அதே குழுவோடு தேநீர் குடித்துப் பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது. ஆன்-கால் வீரர் விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்குக் கடை திறக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. புகைக்கரி உடையில் ஒட்டி வருகிறது. பேஜர் அடித்து வீட்டிலிருந்து ஓடுகிறவர்தான் இதில் அதிகம் கவனிக்க வேண்டும்: நிலையத்திலேயே குளித்துவிட்டு வருகிறோமா, கரி படிந்த உடை காருக்குள், பிள்ளையின் இருக்கைக்குப் பக்கத்தில் வருகிறதா? சிறிய நிலையங்களில் குளியலறை எப்படி இருக்கிறது என்பதைச் சேரும் முன்பு கண்ணால் பாருங்கள்.

நிறம் பற்றிய கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. 2022 நவம்பரில் முன்னாள் அரசு வழக்கறிஞர் நசீர் அஃப்சல் தலைமையில் வெளிவந்த ஆய்வு, லண்டன் தீயணைப்புப் படையில் இனவெறியும் பெண்வெறுப்பும் நிறுவன அளவில் ஊறியிருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு பல சேவைகள் தங்கள் வீட்டைக் கூட்டத் தொடங்கியிருக்கின்றன. ஆன்-கால் நிலையம் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் கூட்டம். நல்ல பொறுப்பதிகாரி இருந்தால் அது குடும்பம் போல அமையும், இல்லாவிட்டால் மாற்றிப் போக வேறு குழு அந்த ஊரில் இருக்காது. முழுநேரத்தில் வேறு வாட்ச் (ஷிப்ட் குழு), வேறு நிலையம் என்று கேட்க முடியும்.

மூன்றாவது வழி

லண்டனுக்குள் இருப்பவருக்கும், 120 மணிக் கட்டு ஒத்துவராதவருக்கும் ஆம்புலன்ஸ் சேவைகளின் சமூக முதலுதவித் தொண்டர் ஏற்பாடு இருக்கிறது. சம்பளம் கிடையாது. நேரம் கிடைக்கும்போது செயலியில் உள்ளே வந்து, முடிந்ததும் வெளியே போய்விடலாம். நீங்கள் இல்லாவிட்டாலும் ஆம்புலன்ஸ் வரத்தான் செய்யும். மாரடைப்பு, மூச்சுத்திணறல் போன்ற அழைப்புகளுக்கு, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவியோடு முதலில் போய்ச் சேருவதுதான் வேலை. சில நாள் பயிற்சி, ஓட்டுநர் உரிமம், பின்னணிச் சரிபார்ப்பு போதும்; பொம்மையை இழுக்க வேண்டியதில்லை. அவசர வேலை நமக்குச் சரிவருமா என்று தெரியாதவர் இதில் ஒரு வருடம் இருந்து பார்ப்பது புத்திசாலித்தனம் என்பேன்.

ஊருக்குள்ளேயே பிழைப்பு, ஐந்து நிமிடத்துக்குள் நிலையம், வீட்டில் இன்னொருவரின் முழுச் சம்மதம்: இந்த மூன்றும் இருந்தால் ஆன்-கால். இதையே வாழ்க்கைத் தொழிலாக்க விரும்பி, வயதும் பொறுமையும் இருந்தால் முழுநேரம். தினமும் லண்டனுக்கு ரயிலேறுகிறவர் ஆன்-காலில் சேர்ந்தால் இரவுக் கவர் மட்டும் கொடுக்கலாம். தூக்கம் கெட்டு இரண்டு வேலையும் கெடும் என்பது என் பயம்.

முடிவு செய்யும் முன், ட்ரில் மாலையில் நிலையத்துக்கு நேரில் போங்கள், வரவேற்பார்கள். போன மாதம் ஆளில்லாமல் வண்டி எந்தெந்த நேரம் நின்றது என்று கேளுங்கள். பதில் வார நாள் பகல் என்று வந்து, நீங்களும் அந்த நேரத்தில் ஊரில் இருப்பவர் என்றால், மணிக்கணக்கைப் பேரம் பேசும் இடத்தில் இருக்கிறீர்கள். அவர்கள் 120 மணியிலிருந்து தொடங்கினாலும் அதில் பாதிக்குக் கேட்டுப் பாருங்கள். பிறகு கூட்டிக்கொள்வது எளிது, குறைப்பதுதான் கஷ்டம்.